உடல் சொல்லாமல் இறங்கும் சர்க்கரை: வீட்டார் அறிய வேண்டியவை

சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களிடம் பேசும்போது நாம் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சு உண்டு. "எனக்கு சுகர் ஐம்பதுக்கு இறங்கினாலும் ஒன்றும் செய்யாது ஹஜ்ரத். மற்றவர்களைப் போல கை கால் நடுங்காது. உடம்பு பழகிவிட்டது." சொல்பவரின் குரலில் கொஞ்சம் பெருமை இருக்கும். பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளும் "ஆமாம், வாப்பாவுக்கு உடம்பு கெட்டி" என்பார்கள். ஆனால் இந்தப் பேச்சை அவருடைய மருத்துவர் கேட்டால் அன்றைக்கே மருந்துச் சீட்டை எடுத்துப் பார்ப்பார். சர்க்கரை இறங்குவதை உடல் உணராமல் போவது ஒரு தனிக் கோளாறு. சர்க்கரை நோயாளிக்கு வரக்கூடிய ஆபத்துகளில் சட்டென்று உயிரோடு விளையாடக்கூடியது அது.

நாம் மருத்துவர் அல்ல. மஹல்லாவில் நடக்கும் மருத்துவ முகாம்களில் மருத்துவர்கள் சொல்லக் கேட்டதையும், அதன் பிறகு தேடிப் படித்ததையும் குடும்பங்களுக்குப் புரியும் விதத்தில் எடுத்துச் சொல்கிறோம். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவரின் வேலை.

முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம். ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் அது தாழ் சர்க்கரை. 54-க்குக் கீழே போனால் ஆபத்தான தாழ்வு. அடுத்தவர் உதவி இல்லாமல் மீள முடியாத நிலை வந்துவிட்டால், எண் எதுவாக இருந்தாலும் அது கடுமையான தாழ்வு. இவை நம் ஊர்க் கருவியில் வரும் மில்லிகிராம் கணக்கு. மலேசியாவிலோ இங்கிலாந்திலோ இருக்கும் உங்கள் உறவினரின் கருவி வேறு கணக்கில் காட்டும், அங்கே 3.9 என்றால் இங்கே 70.

மூளை தன் வேலைக்குப் பெரும்பாலும் குளுக்கோஸையே நம்பியிருக்கிறது. அதைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் வசதி மூளைக்கு ஏறக்குறைய இல்லை. அதனால்தான் சர்க்கரை இறங்கத் தொடங்கியதும் உடல் அடுக்கடுக்காகத் தடுப்பு வேலை செய்கிறது. ஆரோக்கியமானவருக்குச் சர்க்கரை 80 அளவுக்கு வந்தவுடனே கணையம் இன்சுலினைக் குறைத்துவிடும். 65, 70 என்று வரும்போது குளுக்ககான் என்ற ஹார்மோன் சுரந்து, கல்லீரலில் இருக்கும் சர்க்கரையை வெளியே கொண்டுவரும். கூடவே அட்ரினலினும் சுரக்கும். இன்னும் இறங்கினால் படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, அகோரப் பசி எல்லாம் வரும். இவைதான் "ஏதாவது சாப்பிடு" என்று உடல் போடும் சத்தம். அதையும் தாண்டி 50-க்குக் கீழே போகும்போதுதான் பேச்சுக் குழறல், குழப்பம், கண் மங்கல், காரணமில்லாத கோபம், கடைசியில் வலிப்பும் மயக்கமும்.

சர்க்கரை நோயாளிக்கு இந்த அடுக்குகள் ஒவ்வொன்றாகக் கழன்று போகின்றன. ஊசியில் போட்ட இன்சுலினை உடல் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது. சர்க்கரை இறங்கினாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். டைப் 1 நோயாளிகளுக்குச் சில வருடங்களிலேயே குளுக்ககானும் தாழ்வுக்குச் சரியாகப் பதில் கொடுப்பதை விட்டுவிடுகிறது. நீண்டகாலமாக இன்சுலினில் இருக்கும் டைப் 2 நோயாளிகளுக்கும் இது நடக்கும். மிச்சம் இருப்பது அட்ரினலின் ஒன்றுதான். அடிக்கடி சர்க்கரை இறங்கினால் அதுவும் மந்தமாகிவிடுகிறது. முதலில் 65-ல் சத்தம் போட்ட உடல் பிறகு 55-ல் போடும், பிறகு 45-ல் போடும். அதற்குள் மூளை தடுமாறத் தொடங்கியிருக்கும். எச்சரிக்கை வருவதற்கு முன்பே எச்சரிக்கையைப் புரிந்துகொள்ளும் புத்தி மங்கிவிடுகிறது.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஃபிலிப் கிரையர் என்ற மருத்துவர் இதைப் பல வருடங்கள் ஆராய்ந்தவர். தாழ்வுதான் அடுத்த தாழ்வுக்கு வழி திறந்து விடுகிறது என்பதே அவர் எடுத்துக்காட்டிய சங்கதி. நேற்று மாலை ஒருமுறை சர்க்கரை இறங்கியிருந்தால், இன்று காலை இறங்கும்போது உடலின் எதிர்ப்பு ஏற்கெனவே குறைந்திருக்கும். "உடம்பு பழகிவிட்டது" என்று நம் பெரியவர்கள் சொல்வது ஒரு வகையில் சரிதான். வீட்டு நாய் திருடனுக்குப் பழகிவிட்ட மாதிரியான பழக்கம் அது.

யாருக்கெல்லாம் இந்தக் கவலை வேண்டும்? இன்சுலின் போடுபவர்களுக்கு முதலில். மாத்திரை மட்டும் சாப்பிடுபவர்களில் கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவற்றை எடுப்பவர்களுக்கும் வேண்டும். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பல கூட்டு மாத்திரைகளுக்குள் இவற்றில் ஒன்று இருக்கும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை இப்படி இறங்குவது அரிது. வயதானவர்கள், பல வருடங்களாக நோய் உள்ளவர்கள், சிறுநீரகம் பலவீனமானவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் இன்சுலினும் சில மாத்திரைகளும் உடலில் அதிக நேரம் தங்கிவிடும். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ அட்டெனலால், மெட்டோபிரலால், புரோபிரனலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் அமுங்கிப் போகலாம். வியர்வை மட்டும் அப்படியே வரும். ஆகவே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குத் திடீரென்று சட்டை நனைகிற அளவு வியர்த்தால் புழுக்கம் என்று விட்டுவிடாதீர்கள்.

கோபமா, சர்க்கரையா?

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் எழுபது வயதை நெருங்கிய பெரியவர் ஒருவர். வாழ்நாள் முழுக்கக் குரல் உயர்த்தாத மனிதர். சில மாதங்களாக அஸர் நேரம் நெருங்கினால் வீட்டில் சண்டை. சம்பந்தமில்லாமல் திட்டுவார், தட்டைத் தள்ளிவிடுவார், உளூ செய்யப் போனவர் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நிற்பார். யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்று உறவில் பேச்சு கிளம்பியது. ஓதிப் பார்க்கச் சொல்லி நம்மிடமும் வந்தார்கள். நாம் துஆ செய்துவிட்டு, மருத்துவரிடமும் காட்டச் சொன்னோம். அந்த வீட்டு மருமகள் நர்ஸிங் படித்தவர். மறுநாள் சண்டை தொடங்கிய அதே நேரத்தில், அவர் திட்டத் திட்ட விரலைப் பிடித்துக் குத்திப் பார்த்திருக்கிறார். கருவி 48 என்று காட்டியது. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து கால் மணி நேரத்தில் மாமா பழைய மனிதராகி, "ஏன் எல்லாரும் என்னைச் சுற்றி நிற்கிறீர்கள்?" என்று கேட்டாராம். நடந்தது எதுவும் அவருக்கு நினைவில் இல்லை. காலையில் போடும் கலவை இன்சுலின் பிற்பகலில் உச்சத்துக்கு வருகிறது. அவரோ பல் வலியால் மதியச் சோற்றைப் பாதியாகக் குறைத்திருந்தார். மருத்துவர் ஊசியின் அளவை மாற்றினார், சண்டையும் நின்றது.

இந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் மாதாமாதம் லேபில் வெறும் வயிற்றிலும் காலை உணவுக்குப் பிறகும் பரிசோதனை செய்துகொண்டுதான் இருந்தார். இரண்டும் நன்றாகவே இருந்தன. மாலை நான்கு மணிக்கு நடப்பதைக் காலை ஏழு மணி ரத்தம் சொல்லாது. மூன்று மாத சராசரியான எச்பிஏ1சி பரிசோதனையும் இதில் ஏமாற்றும். 250-க்கும் 50-க்கும் இடையே ஊஞ்சலாடுகிறவருக்கும் சராசரி அழகாக வரலாம். வயதானவர் ஒருவருக்கு இன்சுலினும் மாத்திரையும் சேர்ந்து எச்பிஏ1சி 6-க்குப் பக்கத்தில் வந்தால் வீட்டில் பாராட்டுகிறார்கள். மருத்துவ உலகமோ, வயது முதிர்ந்த, அடிக்கடி தாழ்வு வருகிற நோயாளிக்கு அந்த எண்ணை 8 வரைகூட விட்டுக்கொடுக்கலாம் என்கிறது. இறுக்கிப் பிடிப்பதற்கு ஒரு விலை உண்டு என்பது 1993-ல் வெளிவந்த டிசிசிடி என்ற பெரிய ஆய்விலேயே தெரிந்துவிட்டது. டைப் 1 நோயாளிகளுக்குச் சர்க்கரையை இறுக்கிக் கட்டுப்படுத்தியதில் கண், சிறுநீரக பாதிப்புகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் கடுமையான தாழ்வு சுமார் மூன்று மடங்கானது.

உங்கள் வீட்டில் இருப்பவருக்கு உணர்வு மங்கிவிட்டதா என்று அறிய மருத்துவர்கள் ஓர் எளிய கேள்வியைப் பயன்படுத்துகிறார்கள். சர்க்கரை இறங்கத் தொடங்குவது உங்களுக்குத் தெரிகிறதா என்று கேட்டு, எப்போதும் தெரிகிறது என்றால் 1, ஒருபோதும் தெரிவதில்லை என்றால் 7 என்று மதிப்பிடச் சொல்வார்கள். 4 அல்லது அதற்கு மேல் வந்தால் உணர்வு குறைந்துவிட்டது என்று பொருள். இதை நோயாளியிடம் மட்டும் கேட்காதீர்கள். பக்கத்தில் படுப்பவரிடமும் கேளுங்கள். இரவில் வியர்வையில் தலையணை நனைவது, கெட்ட கனவு கண்டு உளறுவது, காலையில் தலைவலியோடு எழுவது இவற்றை உம்மாதான் கவனித்திருப்பார், வாப்பாவுக்குத் தெரிந்திருக்காது. தூக்கத்தில் உடலின் எச்சரிக்கை இன்னும் பலவீனம்.

மணி பார்த்துக் குத்துவது

உணர்வு மங்கியவருக்கு "ஒரு மாதிரி இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்ற வழி அடைபட்டுவிட்டது. ஒரு மாதிரி இருக்காது, அதுதானே நோயே. அவர் மணி பார்த்துத்தான் குத்த வேண்டும்: ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்பும், படுக்கப் போகும்போதும், மருத்துவர் சொன்னால் சில நாட்கள் இரவு மூன்று மணிக்கும். பைக் எடுப்பதற்கு முன் கட்டாயம். இங்கிலாந்தில் இன்சுலின் போடும் ஓட்டுநர்கள் வண்டி எடுக்கும் முன்பும், நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும் என்பது விதி. 90-க்குக் கீழே இருந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். பேரப்பிள்ளையை முன்னால் உட்கார வைத்து மதரஸாவுக்கு அழைத்துப் போகும் நம் பெரியவர்களுக்கும் இது பொருந்தும்.

குத்துவதற்கு முன் கையை சோப்பு போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். பழம் உரித்த கையோடு குத்தினால் விரலில் ஒட்டியிருக்கும் இனிப்பு எண்ணைக் கூட்டிக் காட்டும்; உண்மையில் 60 இருப்பவருக்குக் கருவி 120 காட்டலாம். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு. தேதி, நேரம், எண், அன்றைக்கு என்ன நடந்தது என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். கருவியின் நினைவில் எண் இருக்கும், "மதியம் சரியாகச் சாப்பிடவில்லை" என்பது இருக்காது.

இப்போது கையில் ஒட்டும் சென்சார்கள் வந்துவிட்டன. மேல்கையின் பின்புறம் ஒட்டினால், தோலுக்கு அடியில் இருக்கும் நீரில் சர்க்கரையை அளந்து செல்போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். இறங்கினால் சத்தம் போடும்படியும் வைத்துக்கொள்ளலாம். தூக்கத்தில் இறங்குகிறவருக்கு இது பெரிய உதவி. ஆனால் அது ரத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. சர்க்கரை வேகமாக இறங்கும் நேரத்தில் சில நிமிடங்கள், சில சமயம் கால் மணி வரை பின்தங்கும். அந்தக் கையின் மேல் படுத்துவிட்டால் இல்லாத தாழ்வையும் காட்டும். எண்ணுக்கும் ஆளுக்கும் பொருத்தம் இல்லையென்றால் விரலில் குத்திப் பார்த்துவிட வேண்டும். உளூவைப் பற்றி நம்மிடம் கேட்கிறார்கள்: முழங்கைக்கு மேலே இருப்பதால் உளூவுக்கு இடைஞ்சல் இல்லை. குளிப்பு கடமையாகும்போது காயக்கட்டுக்குரிய சட்டத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது வரும். உங்கள் மத்ஹபை அறிந்த உள்ளூர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தச் சென்சாரை வாரம் இரண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும், ஒவ்வொரு முறையும் சில ஆயிரம் ரூபாய். அது எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகாது. அப்படிப்பட்டவர்கள் மனம் தளர வேண்டாம். இங்கிலாந்தில் உணர்வு இழந்த டைப் 1 நோயாளிகள் 96 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2014-ல் முடிவு வெளியானது. சிலருக்குச் சென்சார் கொடுத்தார்கள், சிலருக்கு விரலில் குத்தும் கருவி மட்டும். எல்லாருக்கும் தாழ்வைத் தவிர்க்கும் பயிற்சியும் தொடர்ந்த கவனிப்பும் ஒரே மாதிரி கொடுக்கப்பட்டது. கடுமையான தாழ்வு ஆளுக்கு வருடம் ஏறக்குறைய 9 தடவை என்ற கணக்கிலிருந்து ஒரு தடவைக்கும் கீழே வந்தது. உணர்வும் ஓரளவு திரும்பியது. இதில் இரண்டு பிரிவினருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

உணர்வு திரும்பும் என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய செய்தி. தாழ்வு எப்படித் தாழ்வை வளர்க்கிறதோ, அப்படியே தாழ்வு இல்லாத நாட்கள் உணர்வை மீட்கின்றன. இரண்டு மூன்று வாரம் சர்க்கரை 70-க்குக் கீழே போகவே விடாமல் பார்த்துக்கொண்டால் பலருக்கு நடுக்கமும் வியர்வையும் மீண்டும் வரத் தொடங்கும். சிலருக்கு மாதங்கள் ஆகும், பல வருட நோயாளிகளுக்கு முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். இதற்காக மருத்துவர் ஊசியைக் குறைப்பார், கொஞ்ச காலத்துக்கு எண் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை என்பார். "சுகர் 160 இருக்கிறதே" என்று வீட்டில் யாரும் பதறி அதைக் கெடுத்துவிடக் கூடாது.

இறங்கிவிட்டால் என்ன செய்வது? நினைவு இருந்து விழுங்க முடிந்தால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி கழித்துப் பாருங்கள். 70-க்குக் கீழேயே இருந்தால் மறுபடி கொடுங்கள். ஏறிய பிறகு இட்லி, பிஸ்கட் என்று ஏதாவது உணவு. சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் வேலை செய்யும். அகார்போஸ், வோக்ளிபோஸ் மாத்திரை எடுப்பவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை சரியாகப் பயன்படாது, குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். இதைப் பலரும் அறிவதில்லை. குத்திப் பார்க்க வழியில்லையென்றால் தாழ்வு என்றே வைத்துக்கொண்டு கொடுத்துவிடுங்கள். அவர் வேண்டாம் என்று கத்துவார். அந்த நேரத்தில் அவரோடு வாதாடாதீர்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். பக்கவாட்டில் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். மாத்திரையால் இறங்கியவருக்குச் சர்க்கரை ஏறிய பிறகும் சில மணி நேரம் கழித்து மறுபடி இறங்கலாம் என்பதால் அவரையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோவதே பாதுகாப்பு.

நோன்பு

2001-ல் இந்தியா உட்பட 13 நாடுகளில் சர்க்கரை நோயுள்ள 12,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம்களிடம் எபிடியார் என்ற ஆய்வு நடந்தது. ரமளானில் கடுமையான தாழ்வு டைப் 1 நோயாளிகளுக்கு 4.7 மடங்கும், டைப் 2 நோயாளிகளுக்கு 7.5 மடங்கும் கூடியிருந்தது. உணர்வு மங்கியவருக்கு இதில் உள்ள ஆபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர்தான் "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே, நோன்பு நன்றாகப் போகிறது" என்பார்.

மார்க்க அறிஞர்கள் இதைக் கவனிக்காமல் விடவில்லை. ஜித்தாவில் இருக்கும் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 2009-ல் ஷார்ஜாவில் கூடியபோது சர்க்கரை நோயாளிகளை நான்கு வகையாகப் பிரித்தது. தாழ்வை உணரும் தன்மையை இழந்தவர்களை முதல் வகையில் பெயர் சொல்லியே சேர்த்தது. அந்த வகையினர் நோன்பு வைக்கக் கூடாது என்பதே அதன் தீர்மானம். அல்பகரா அத்தியாயத்தின் 184, 185-ஆம் வசனங்களில் நோயாளிக்கு அல்லாஹ் கொடுத்த சலுகையே இதற்கு அடிப்படை. தலையில் காயம்பட்ட ஒருவருக்குச் சலுகை இல்லை என்று தோழர்கள் சொல்ல, அவர் குளித்து இறந்துபோனதும், செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கோபம் கொண்டதும் அபூதாவூதில் உள்ள செய்தி. "இவ்வளவு வருடம் வைத்த நோன்பை விட்டுவிட்டாரே" என்று வீட்டிலும் பள்ளியிலும் பேசுகிறவர்கள் அதை நினைவில் வைக்க வேண்டும்.

மருத்துவர் அனுமதித்து நோன்பு வைப்பவர்கள் பகலில் குத்திப் பார்க்கத் தயங்க வேண்டாம். பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பது நோன்பை முறிக்காது என்று அதே அகாடமி 1997-லேயே சொல்லிவிட்டது. ஸஹருக்கு முன், காலையில், நண்பகலில், அஸரில், இஃப்தாருக்கு முன் என்று பாருங்கள். 70-க்குக் கீழே வந்தால் இஃப்தாருக்குப் பத்து நிமிடமே இருந்தாலும் நோன்பை விட்டுவிட வேண்டும். 300-க்கு மேலே போனாலும் அப்படியே.

இதையெல்லாம் பிறை பார்த்த அன்று பேசிப் பயனில்லை. ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே, அதாவது ரஜபிலேயே, நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். நோயாளியோடு வீட்டில் ஒருவரும் போக வேண்டும். உணர்வு திரும்பி, நோன்பு வைக்கலாம் என்று பின்னர் மருத்துவர் சொன்னால் விடுபட்டவற்றைக் களாச் செய்துகொள்ளலாம். இனி திரும்பாது என்றால் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவு கொடுக்கும் ஃபித்யா இருக்கிறது. அதன் அளவை உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டு, ரமளான் தொடங்கும் முன்பே எடுத்து வைத்துவிடுங்கள்.